செவிமுந்தல்

அம்மாவின் கையெழுத்து செல்லாமல் போக இன்னும் தொண்ணூற்றெட்டு மணி நேரம் இருந்தது. நான் பொன்மலை ஸ்டேஷனில் இறங்கியபோது திங்கட்கிழமை பிற்பகல் மணி மூன்று. வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் மூன்றாவது சோதனையிலும் தேறாவிட்டால், நினைவுத் தகுதி வாரியம் அவளை 'சார்ந்திருப்போர்' பட்டியலில் சேர்த்துவிடும். பிறகு வங்கியில், மருத்துவமனையில், எங்கேயும் அவளுக்காக ஒரு பொறுப்பாளர்தான் கையெழுத்திட வேண்டும். வேலைக்கும் போக முடியாது. பொறுப்பாளர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. படிவத்தை நிரப்பியது நான்.

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் நினைவுத் தகுதிச் சான்று வாங்க வேண்டும் என்று சட்டம் வந்து ஆறு வருடமாகிறது. அப்பா நாற்பதுக்கு முப்பத்தெட்டு வாங்கினார். ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்திரண்டு. சான்றைச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அம்மாவுக்கு ஐம்பத்தாறு. முதல் முறை ஒன்பது வாங்கினாள். இரண்டு மாதம் கழித்துப் பதினாறு. தேறுவதற்கு இருபத்தெட்டு வேண்டும்.

அம்மா இருபத்தொன்பது வருடமாக ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். இரண்டாவது முடிவு வந்த அன்று மதியமே லேபிலிருந்து அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

அப்பாதான் கதவைத் திறந்தார். பையை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"சத்தமாப் பேசாத பாப்பா. பதட்டமாயிடுவா."

உள்ளே அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதட்டம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. அலமாரியில் இருந்த டப்பாக்களில் எல்லாம் அப்பாவின் பெரிய எழுத்தில் வெள்ளைத் தாள்கள் ஒட்டியிருந்தன. சீரகம். சோம்பு. உப்பு.

"பாத்தியா," என்றாள் அம்மா. "உப்பு மேல உப்புன்னு எழுதி ஒட்டியிருக்காரு. நக்கிப் பாத்தாத் தெரியாதா எனக்கு?"

"மறதிக்குத்தான் ஜெசி," என்றார் அப்பா. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். புதிதாக வந்த பழக்கம் அது.

"கேஸத் தெறந்து விடுங்க. உங்க பொண்ணுக்கு டீ போடணும்."

அப்பா குனிந்து சிலிண்டரின் வால்வைத் திறந்தார். டீ கொதித்து இறங்கும் வரை அங்கேயே நின்று, மறுபடி குனிந்து மூடினார். அம்மா என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினாள். நான் சிரிக்கவில்லை. எங்கள் நிறுவனம் உறவினர்களுக்குத் தரும் கையேட்டில் வால்வைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அது நான் சரிபார்த்த பக்கம்.

அந்தச் சோதனையை உருவாக்கியது எங்கள் நிறுவனம்தான். பெங்களூரில் தரவு சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். எம்.எஸ்சி. முடித்ததும் சேர்ந்த வேலை. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதாலேயே எனக்குப் பிடித்திருந்தது.

"இவ்ளோ நாளா நான் கேட்டதில்ல," என்றாள் அம்மா, டீயை என் கையில் கொடுத்துவிட்டு. "அந்த மெஷின் என்னதான் பாக்குது?"

"உன் கண்ணத்தான் பாக்குது. நீ ஏற்கெனவே பாத்த படம்னு வெச்சுக்க. அடுத்து என்ன வரும்னு உனக்குத் தெரியும்ல? அந்தக் கதவு தெறக்கறதுக்கு அரை செகண்ட் முன்னாடியே உன் கண்ணு கதவுகிட்டப் போயிடும். நீ நெனச்சுப் பண்றதில்ல. தானாப் போவும். அந்த மாதிரி ஒரு படத்துக்கு நாப்பது எடம் எடுத்து வெச்சிருப்போம்."

"போவலன்னா?"

"போவலன்னா மறந்துபோச்சுன்னு அர்த்தம்."

"வாயத் தெறந்து ஒரு கேள்வி கேக்காதா?"

"கேக்காது. அதுதாம்மா இதோட சிறப்பே. கேட்டா ஆளுங்க பொய் சொல்வாங்க. இல்ல, பயத்துல ஒளறுவாங்க. கண்ணு பொய் சொல்லாது."

அம்மா வெங்காயத் தோலை ஓரமாக ஒதுக்கினாள்.

"ரத்தம்கூடத்தான் பொய் சொல்லாது. டியூப்ல பேர மாத்தி ஒட்டிட்டா, அது என்ன பண்ணும்?"

அவளுடைய தொழில் புத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

சோதனைக்கான படத்தை நாமே சொல்லலாம். வீட்டில் எல்லோரும் இருபது தடவைக்கு மேல் பார்த்த படமாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஒரு குடும்பத்துக்கு ஒரு படிவம், யாராவது ஒருவர் உறுதிமொழி கொடுத்தால் போதும். முதல் சோதனை முடிந்ததும் அந்தப் படம் அந்த வீட்டில் பூட்டப்பட்டுவிடும். யாரும் பயிற்சி எடுக்கக் கூடாது என்பதற்காக.

நான் கப்பல் படத்தை எழுதினேன். அதன் உண்மையான பெயர் வேறு. எங்கள் வீட்டில் அதற்குக் கப்பல் படம் என்றுதான் பெயர். சனிக்கோளுக்குப் போய் வழிதவறிய கப்பல், அதில் பதினோரு பேர், ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். தமிழில் டப் செய்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அப்பா கூடத்து ஜன்னலை அடைத்து, சுவரில் வெள்ளைப் போர்வையைக் கட்டி, ப்ரொஜெக்டரை ஸ்டூலில் வைப்பார். அவருடைய ஹார்ட் டிஸ்க்கில் எழுபது படங்கள் இருந்தன; எல்லாமே விண்வெளி, ரோபோ, காலப்பயணம். நானும் அண்ணன் டெரன்ஸும் பாயில் படுத்திருப்போம். தட்டில் வறுத்த கறி வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் அப்பா "இப்பப் பாரு, இப்பப் பாரு" என்பார். டெரன்ஸ் இப்போது கனடாவில் இருக்கிறான். அங்கிருந்து கூப்பிட்டால் இன்றைக்கும் கப்பல் தலைவனின் குரலில்தான் பேச ஆரம்பிப்பான்.

படிவத்தில் இப்படி எழுதினேன்: "இது எங்கள் குடும்பத்தின் படம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நால்வரும் சேர்ந்து முப்பது தடவைக்கு மேல் பார்த்திருக்கிறோம்." இரண்டாவது வரி தேவையே இல்லை. எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது, அதனால் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை காலை என் பையிலிருந்து கண்ணசைவைப் பதியும் ஒரு கேமராவையும் நாடி பார்க்கும் மணிக்கட்டுப் பட்டையையும் எடுத்தேன். அலுவலகத்தில் சொல்லாமல் கொண்டு வந்தவை. கப்பல் படம் பூட்டியிருந்தது. ஆனால் மற்ற அறுபத்தொன்பது படங்கள் இருந்தன. அம்மாவின் மறதி எப்படிப்பட்டது என்று தெரிந்தால், ஏதாவது ஒரு விதியின் கீழ் தவணை கேட்கலாம் என்று நினைத்தேன்.

"ரோபோ படம் போடலாம்," என்றார் அப்பா. அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. போர்வையைத் தேடி எடுத்துக் கட்டினார். இப்போது சுவரளவு டிவி இருக்கிறது. ஆனாலும் போர்வைதான் வேண்டும் என்றார். "ஜெசி, நீ இங்க நடுவுல உக்காரு. ஒண்ணும் பயப்படாத. என்ன நடந்தாலும் அது படம்தான்."

"தெரியும்," என்றாள் அம்மா.

படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ரோபோ வந்தது. மனிதர்கள் காலிசெய்துவிட்டுப் போன ஊரில் தனியாக விளக்கேற்றிக்கொண்டு திரியும் ரோபோ. அம்மா முன்னால் சாய்ந்து பார்த்தாள்.

"இதுவா அது? இவ்ளோண்டு இருக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"குரல் அவ்ளோ கனமா இருக்கும்ல," என்றாள் அம்மா. "நான் ஆறடி இருக்கும்னு நெனச்சேன்."

அப்பாவின் முகம் சுருங்கிப் போனது. நான் டேப்லெட்டில் குறித்துக்கொண்டேன்: உருவ அளவு பற்றிய நினைவு சிதைந்துள்ளது.

ஆனால் நாடிப் பட்டை வேறு ஒன்றைச் சொன்னது. பாலம் இடிந்து விழும் காட்சி. சத்தம் வருவதற்கு மூன்று நொடி முன்பே அம்மாவின் நாடி ஏறியது. கண்ணோ திரையின் நடுவில் அப்படியே நின்றது. பாலம் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியவில்லை. ரோபோ பாடும் இடத்தில் பாட்டு தொடங்கும் முன்பே அவள் விரல் தாளம் போட்டது. ரோபோ எங்கிருந்து வரும் என்று கண் தேடவில்லை. முழுப் படத்துக்கும் கணக்கெடுத்தேன். காதுக்கு எல்லாம் நினைவிருந்தது. கண்ணுக்கு ஒன்றுமே இல்லை.

இப்படி ஒரு நிலையை நான் எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

இன்னொரு விஷயமும் இருந்தது. எழுபதாவது நிமிடத்தில், வில்லன் சிரிக்கும் சத்தம் கேட்டதும், அம்மா எழுந்திருக்கப் போனாள். கை சோபாவில் ஊன்றி, இடுப்பு பாதி எழுந்துவிட்டது. பிறகு ஏதோ நினைவு வந்தவள் போல உட்கார்ந்தாள்.

"என்னம்மா, பாத்ரூமா?"

"இல்ல. சும்மா."

"காரணமற்ற அமைதியின்மை" என்று எழுதினேன்.

புதன்கிழமை காலப்பயணப் படம். இருபது வருடம் முன்னால் போய்த் தன் மகனைத் தேடும் ஒருவனின் கதை. அன்றும் அதே மாதிரிதான். காது முந்தியது. கண் பிந்தியது. ஆனால் அம்மா என்னவோ மும்முரமாகப் பார்த்தாள். சமயத்தில் அப்பாவின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள்.

"இருங்க, இருங்க. அந்தக் கெழவன்தான் அந்தச் சின்னப் பையனா?"

"ஆமா ஜெசி. அது உனக்குத் தெரியும்மா."

"எப்டித் தெரியும்? ரெண்டு பேருக்கும் கன்னத்துல ஒரே மச்சம் வெச்சிருக்கானுங்க. இப்பத்தான் கவனிச்சேன். நல்லா யோசிச்சு எடுத்திருக்கான்."

கடைசிக் காட்சியில் அவள் அழுதாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நல்ல படம்," என்றாள். "இவ்ளோ நல்ல படம்னு நெனைக்கவே இல்ல."

அப்பா எழுந்து பின்வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"எத்தன தடவ பாத்த படம் பாப்பா. மொதத் தடவ பாக்கறவ மாதிரி அழுவுறா."

அவருடைய தோளில் கை வைக்க நினைத்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. பக்கத்தில் நின்றேன்.

அன்று மதியம் மதுவந்தி மேடத்தைக் கூப்பிட்டேன். எங்கள் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர். கேமராவைச் சொல்லாமல் எடுத்து வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"காது சரியா இருக்கு, கண்ணு மட்டும் போச்சா? நிச்சயமாவா பிரிஜித்தா?"

"ரெண்டு படத்துலயும் அப்படித்தான் மேடம். வாரியத்தோட பழைய சோதனைகள்லயும் நாடிப் பதிவு இருக்கு. நாம அத மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கறதில்ல. அதுல தேடினா வேற ஆளுங்களும் இருப்பாங்க."

"தேடச் சொல்றேன். இதுக்குப் பேர் ஏதாவது வெச்சியா?"

"செவிமுந்தல்னு எழுதி வெச்சிருக்கேன் மேடம்."

"நல்லா இருக்கு. கட்டுரையில உன் பேரு முதல்ல வரும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக என் பெயர் எதிலாவது முதலில் வரப்போகிறது. அதை அம்மாவிடம் சொல்லலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. தேறாதவர்களின் பதிவுகளில் இதே வடிவம் இருநூற்றுப் பதினான்கு பேரிடம் இருந்தது. மேடம் வாரியத்திடம் பேசிவிட்டார். செவிமுந்தல் நோயாளி என்று ஒப்புக்கொண்டு சிகிச்சையில் சேர்ந்தால், கையெழுத்து பறிபோகாது; பொறுப்பாளர் கூடவே கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். லேப் வேலை கிடையாது. வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வரும்போது ஒப்புதல் தாளில் அம்மா கையெழுத்துப் போட்டால் போதும். அவர்களில், சாதாரண மறதி என்று முன்பே மாத்திரை தொடங்கிய அறுபது பேருக்கும் இனி மருந்தின் அளவைக் கூட்டப்போகிறார்கள்.

வியாழக்கிழமை காலை மாத்திரைகள் கூரியரில் வந்தன. அப்பா பெட்டியை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு மாதா படத்தின் கீழே வைத்தார். அம்மா அதை எடுத்துப் பிரித்தாள். உள்ளே மடித்து வைத்திருந்த தாளை வெளிச்சத்தில் பிடித்து முழுக்கப் படித்தாள். அவள் எப்போதும் இப்படித்தான். எதையும் கடைசி வரி வரைக்கும் படிப்பாள்.

"நாக்குல ருசி மரத்துப் போவலாம். கை நடுங்கலாம்," என்று வாசித்தாள். "கை நடுங்கினா நான் எப்டி நரம்பு பாத்து ஊசி போடறது?"

"இனிமே ஊசி போட வேணாம்மா. வீட்டுல இருக்கலாம். கையெழுத்து உன்கிட்டயே இருக்கும்."

"அவரு கூடப் போடற கையெழுத்து."

"அது சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு."

"பிரிஜி, இங்க வந்து உக்காரு."

கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். அப்பா ஆய்வாளர் வருவதற்காகப் பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

"ரெண்டாந் தடவ எனக்கு எத்தன மார்க்கு?"

"பதினாறு. ஒம்பதுலேருந்து ஏழு கூடியிருக்கு. அது நல்ல அறிகுறிம்மா. நெனவு திரும்புது."

"திரும்புதா," என்றாள். "சரி. இந்த இருநூத்திச் சொச்சம் பேரு யாரு?"

"பேரெல்லாம் சொல்லக் கூடாது."

"பேரு வேணாம். ஆம்பளையா பொம்பளையா?"

டேப்லெட்டைத் திறந்தேன். "இருநூத்திப் பன்னெண்டு பொம்பளைங்க. ரெண்டு ஆம்பளைங்க. மேடம்கூடச் சொன்னாங்க, ஹார்மோன் காரணமா இருக்கலாம்னு."

"ஹார்மோன்." அம்மா சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். "அந்த ரெண்டு ஆம்பளைங்க என்ன வேல பாத்தவங்க?"

படிவங்களில் அந்த விவரம் இருக்கும். தேடினேன். ஒருவர் வீட்டிலேயே மெஸ் நடத்துகிறவர். இன்னொருவருடைய மனைவி பதினெட்டு வருடமாகப் படுத்த படுக்கை. பிள்ளைகளை வளர்த்ததும் வீட்டு வேலை முழுவதையும் பார்த்ததும் அவர்தான்.

இரண்டு வரிகளையும் இன்னொரு தடவை படித்தேன். பிறகு எழுபதாவது நிமிடத்தில் எழுந்திருக்கப் போன அம்மாவின் கையை நினைத்தேன். போர்வையையும், பாயையும், அதில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தேன். டெரன்ஸ் இடதுபக்கம். அப்பா ஸ்டூலுக்குப் பக்கத்தில். நான் சுவரோரம்.

அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன போட்டிருக்கு?"

"ஒருத்தர் பிசினஸ்," என்றேன். "இன்னொருத்தருக்கு விவரம் இல்ல."

"ம்."

தெருவில் கோலமாவுக்காரர் கூவிக்கொண்டு போனார்.

"ஃபாரத்துல தப்பு இருந்தா என்ன ஆவும்?" என்று கேட்டாள், மாத்திரைத் தாளை மடித்துக்கொண்டே.

"உறுதிமொழி கொடுத்தவங்க மேல நடவடிக்கை. என்னைய மாதிரி நிறுவனத்து ஆளா இருந்தா வேல போயிடும். வேற எங்கயும் எடுக்க மாட்டாங்க. அப்பாவோட சான்றும் ரத்து. ஒரே ஃபாரம்தான்."

"அந்தக் கட்டுரை?"

அவளிடம் நான் கட்டுரையைப் பற்றிச் சொல்லவில்லை. போனில் பேசியது கேட்டிருக்கிறது. அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"அதுவும் போயிடும்," என்றேன்.

"நீ அதுல எழுதியிருந்தத ரெண்டு தடவ படிச்சேன். நாங்க நாலு பேரும்னு. நல்லா எழுதியிருந்த." பெட்டியை மூடி மேசையில் வைத்தாள். "அதப் படிச்சப்புறம் எனக்கு ஒண்ணும் சொல்லத் தோணல."

அப்போதே நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. எனக்கு வயது இருபத்தெட்டு, வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம், கூட்டங்களில் கைதூக்கிக்கூடப் பேசாதவள், யாராவது ஒருநாள் என் பெயரைக் கவனிக்க வேண்டும் என்று காத்திருந்தவள். இதையெல்லாம் காரணமாகச் சொல்ல முடியாது. நான் எழுந்து போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து ஒப்புதல் தாளை எடுத்து, அம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சிறிய புள்ளிகள் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு ஆய்வாளர் தில்ஷாத் பேகம் வந்தார். நாற்பது வயதிருக்கும். ஸ்கூட்டரில் வந்த வெயில் முகத்தில் தெரிந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அம்மாவிடம்தான் முதலில் பேசினார்.

"நீங்க ஜெசிந்தாவா? எங்க மாமியாருக்கு நீங்கதான் எப்பவும் ரத்தம் எடுப்பீங்க. வேற யாரும் குத்தினா வலிக்குதும்பாங்க."

"சர்க்கரைக்கு வருவாங்களே, காஜாமலை," என்றாள் அம்மா. "எடது கையிலதான் நரம்பு கெடைக்கும். இப்ப எப்டி இருக்காங்க?"

ஆய்வாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பட்டையின் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"அதெல்லாம் பழைய ஞாபகம் மேடம்," என்றார் அப்பா. "அது இருக்கும். நடுவுல நடுவுல போயிடுது. முந்தாநேத்து படம் பாத்து, தெரியாத படம் மாதிரிக் கேள்வியாக் கேக்குறா. பாவம்."

மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று மூன்றாம் சோதனைக்கான தாள். மற்றது பென்சில் புள்ளிகள் வைத்தது. ஆய்வாளர் இரண்டாவதைப் படித்தார்.

"செவிமுந்தல். இது புதுசா இருக்கே."

"எங்க பொண்ணு கண்டுபிடிச்சது," என்றார் அப்பா. குரலில் பெருமை இருந்தது. அதை அவரால் மறைக்க முடியவில்லை.

"அப்ப இதுல கையெழுத்துப் போட்டுட்டா, படம் பாக்க வேணாம். எனக்கும் வேல சுலபம்." ஆய்வாளர் தன் கருவியைத் திறந்தார். அதன் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. "மூணாவது தடவைங்கறதால ஒண்ணு மட்டும் கேக்கணும். விதியில இருக்கு. ரெக்கார்டு ஆவுது. ஜெசிந்தா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"

"அவ என்ன மேடம் சொல்லுவா," என்றார் அப்பா.

"அவங்ககிட்டக் கேட்டேன் சார்."

அம்மா பேனாவைக் கையில் எடுத்தாள். முதல் புள்ளிக்கு மேலே அது நின்றது. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு ரிப்போர்ட்டை அனுப்புவதற்கு முன்னால், பக்கத்தில் இருப்பவர் ஒரு தடவை சரிபார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருப்பது போலப் பார்த்தாள். நீ சொல்கிறாயா என்று கேட்பது போல.

நான் குனிந்து கொக்கியைப் பார்த்தேன். அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை.

பேனாவை அவள் மூடி வைக்கும் சத்தம் கேட்டது.

"ஃபாரம் எழுதினப்ப என் பொண்ணுக்கு இது தெரியாது மேடம். அதையும் எழுதிக்கங்க. அவ மனசறிஞ்சு பொய் எழுதல."

"எதும்மா?"

"ஜெசி, சும்மா இரு," என்றார் அப்பா.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. எனக்கு மட்டும்னா நான் இந்த மாத்திரயத் தின்னுட்டுக் கெடப்பேன். இன்னும் இருநூத்திப் பதிமூணு பேரு இருக்காங்களாம்." அம்மா சிவப்பு விளக்கைப் பார்த்து, லேபில் பெயரும் வயதும் கேட்கும் அதே நிதானமான குரலில் சொன்னாள். "ஞாயித்துக்கெழம இவங்க மூணு பேரும் கூடத்துல உக்காந்து படம் பாப்பாங்க. நான் அடுப்படியில நின்னு சமைப்பேன். சத்தம் மட்டும் கேக்கும். உங்க மெஷினு முன்னாடி உக்காந்த அன்னிக்கி வரைக்கும் நான் இந்தக் கப்பல் படத்த ஒரு தடவகூடப் பாத்ததில்ல."